கறுப்புக்குத் தடை

"ஏனுங்க, குடையக் குடுத்துப்போட்டு நில்லுங்க. அமைச்சர் கண்ணுல கறுப்பா எதுவும் படக்கூடாதுன்னு உத்தரவு."

சப்-இன்ஸ்பெக்டர் சபாபதி குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிக்கட்டி சாலையோரம் ஐம்பது பெண்களாவது இருப்பார்கள். அவர்கள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தை மூடியாகிவிட்டது. இலங்கையிலிருந்து வந்த நாள்தொட்டு அவர்கள் குடும்பங்கள் இருக்கும் தோட்டத்து லயன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அமைச்சர் இன்று இந்த வழியாகப் போகிறார். ஒரு கறுப்புத் துணி பறந்தாலும் சபாபதியின் வேலைக்கு ஆபத்து.

முன்னால் நின்ற ரஞ்சனி வானத்தைக் காட்டினாள். "மழை கட்டிக்கிட்டு நிக்குது ஐயா. குடை இல்லாம எப்படி?"

"கொடி புடிக்கப் பர்மிஷன் இல்லைன்னதும் எல்லாரும் குடையோட வந்துட்டீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"எங்க தலைமுடியும் கறுப்புத்தான். மொட்டை அடிச்சிட்டு வரவா?"

"என்னுது நரைச்சிருச்சு. நான் பர்மிஷனோட நிக்கலாம்" என்றாள் தெய்வம்மா.

பெண்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் ஒருவனும் சிரித்துவிட்டு, சபாபதியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பேச்சு வேணாமுங்க. குடையா, ஸ்டேஷனா?"

ரஞ்சனி அவரை முறைத்தாள். பிறகு, உறை போட்ட மடக்குக்குடையை நீட்டினாள். "வாங்கிக்கங்க. ஆனா இடத்த விட்டு நகர மாட்டோம். நனைஞ்சுக்கிட்டே நிப்போம். ரோட்டோரமா நிக்கறதுக்குமா தடை?"

"நில்லுங்க, ஆரு வேண்டாம்னாங்க?"

மற்றவர்களும் மளமளவென்று கொடுத்தார்கள். இவ்வளவு சுலபமாக முடியுமென்று அவர் நினைக்கவில்லை.

குடைகளை ஜீப்பில் அள்ளிப் போடுவதற்குள் மழை கொட்டியது. போலீசாரின் மழைக்கோட்டுகள் வேனில். வேனோ கீழ் வளைவில். சாலையின் இருபுறமும் காவலர்கள் விறைத்து நின்று நனைந்தார்கள். பெண்களும் நனைந்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

"இவ்வளவு குடைய வச்சுக்கிட்டு ஏன்யா நனையிறீங்க?" ரஞ்சனி கத்தினாள். "புடிங்க! போலீஸ் கையில இருந்தா குடை கொடியாயிடுமா?"

அதுவும் சரிதான் என்று பட்டது சபாபதிக்கு. வயர்லெஸ் கரகரத்தது: கார் கடைசி வளைவில் திரும்புகிறது.

"ஆளுக்கொண்ணு எடுத்து விரிங்கப்பா, வெரசா!"

உறைகளை உருவி எறிந்துவிட்டு அவசர அவசரமாக விரித்தார்கள்.

சைரன் நெருங்கியது. இடக்கையில் குடையை உயர்த்திப் பிடித்து, வலக்கையில் சல்யூட் வைத்தபடி சபாபதி எதிர்ச் சாரியைப் பார்த்தார். காவலர்களின் தலைக்கு மேல் வரிசையாக விரிந்திருந்த ஒவ்வொரு குடையிலும் வெள்ளைப் பெயின்ட்டில் கொட்டை எழுத்துகள்: 'காலி செய்ய மாட்டோம்.'

கார் அவர் முன்னால் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய அமைச்சர் சபாபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.