சோத்துக்கைப் பக்கம்

வேர்க்கடலையை மடியில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தோல்கூடக் கீழே விழக் கூடாது. விழுந்தால் விரலால்தான் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டு ஒரு வாரம் ஆகிறது.

என் கொழுந்தன் பரசுராமன் ஜெர்மனிக்குப் படிக்கப் போன நாளிலிருந்து இப்படித்தான்.

"புள்ள போய்ச் சேந்தேன்னு தந்தி குடுக்கட்டும். அதுவரைக்கும் வூட்டப் பெருக்கக் கூடாது, கழுவக் கூடாது. ஆளு போனதும் பெருக்கிக் கழுவறது சாவு வூட்டு வேல" என்று அத்தை சொல்லிவிட்டார்.

ஜெர்மனி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தந்தி வரவில்லை.

எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்தில், பெங்களூர் ரோட்டோரம். போகிற லாரியெல்லாம் ஒரு பிடி மண்ணை உள்ளே வீசிவிட்டுப் போகும். பாப்பா தவழ்ந்தால் உள்ளங்கை, முட்டி எல்லாம் மண்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் போகும்போது ஒரு பேச்சு, திரும்பும்போது ஒரு பேச்சு.

"இன்னாடி அம்சா, இந்த வருசம் கடலைய வூட்டுக்குள்ளயே போடப் போறீங்களா? மண்ணு நல்ல பதமா கீதே."

நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"ஊருக்குப் போனா ஒரு வேள பெருக்காம வுடுவாங்க. வாரக் கணக்காவா வுடுவாங்க? கொழந்த வாயில மண்ண வெச்சிகினு கீது, நீ பாத்துகினு குந்தினு கீற. நல்ல பெத்தவ."

அத்தை சொல்லித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குழாயடியிலும் இதே பேச்சு என்று கேள்வி.

அத்தைக்குப் பிள்ளை படிப்பைப் பற்றிக் கவலையே இல்லை. ரோடுதான் பயம். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒன்றாம் கிளாசிலிருந்து தினமும் ரோட்டோரம் நிறுத்திச் சொல்லித்தான் அனுப்புவாராம்.

"சோத்துக்கைப் பக்கம் பாரு. வண்டி அங்கேருந்துதான் வரும். பாத்துட்டு ஓடு."

மீனம்பாக்கத்தில் பிளேன் ஏறும்போதும் அதையேதான் சொன்னார். கோட்டுப் போட்ட பிள்ளையின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, "இந்தப் பக்கம். மறந்துடாத கண்ணு" என்றார். கூடப் போன பையன்கள் சிரித்தார்கள். பரசு சிரிக்கவில்லை.

"சோத்துக்கைப் பக்கம். மறக்க மாட்டேம்மா."

இன்றும் என் வீட்டுக்காரர், தந்தி வந்ததா என்று கேட்க, முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்குப் போனார். வெயில் ஏறியும் ஆள் திரும்பவில்லை. அத்தை பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

பாப்பா திடீரென்று இருமியது. வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். மண்ணும் ஒரு சின்னக் கல்லும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா கேட்டதில் என்ன தப்பு? மடியில் இருந்த தோலை முறத்தில் கொட்டிவிட்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தேன்.

அப்போது பார்த்து கங்கம்மாள் அக்கா உள்ளே வந்தாள். இன்றைக்காவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

வந்தவள் என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

"வேணாண்டி."

"நீங்கதானே அக்கா சொன்னீங்க..."

"இன்னிக்கி ஒரு பொழுது கெடக்கட்டும். நாளைக்கி எப்படியும் கழுவத்தான் போறோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள். பின்பக்கம் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரரு நம்ம கடையிலதான் கீறாரு. தந்தி வந்துட்டுது. மெட்ராசுல தம்பிய அனுப்பி வெச்ச ஆபீசுக்கு போன் போட்டும் கேட்டுட்டாரு. அவருக்கு வூட்டுக்கு வரக் கால் வரல."

நான் பாப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"கேளுடி. குளிரு ஒத்துக்கல, காய்ச்சல்ல போயிட்டாரு. உன் மாமியாருக்கு இதான் சேதி. கொழாயடி, கட, பஸ் ஸ்டாப்பு, எல்லா எடத்துலயும் போய்ச் சொல்லி வெச்சிட்டு வரேன். என் வாயே அடங்கிடுச்சின்னா எவ வாய் தொறக்கப் போறா? நீயும் தொறக்காத."

"காய்ச்சல் இல்லியா அக்கா?"

"ரோட்டத் தாண்டறப்போ பஸ் அடிச்சிட்டுதாம்."

"சோத்துக்கைப் பக்கம் பாத்திருப்பாரே அக்கா."

கங்கம்மாள் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் பாப்பாவின் வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"பாத்துட்டுத்தாண்டி எறங்கிச்சாம் புள்ள. அந்த ஊர்ல வண்டிங்க பீச்சாங்கைப் பக்கத்துலேருந்து வருமாம்."

பாப்பா எட்டி முறத்தைக் கவிழ்த்தது. கடலைத் தோல் தரையெல்லாம் சிதறியது. நாங்கள் இரண்டு பேரும் பொறுக்கவில்லை.

"அம்சா, யாரு வந்துகீறது?" பின்பக்கமிருந்து அத்தை கூப்பிட்டார். "தந்தி வந்துட்டுதா? வாய் தொறந்து சொல்லேண்டி."

"இதோ வரேன் அத்தை. அந்த ஊர்ல ரொம்பக் குளிராம், அதுல அவருக்குக் காய்ச்சல்..." என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன்.