விரலில் ஒரு காய்ப்பு

கல்லூரி வாசலில் மரகதம் மகளிடம் மறுபடியும் கேட்டாள். "உள்ள கேட்டா என்ன சொல்லணும்?"

"நான் படிக்கவே மாட்டேன். ஒரு தடவை பார்த்தா போதும், மனசுல நின்னுடும்" என்றாள் குழலி.

உழைத்து மதிப்பெண் வாங்கியவர்களை இப்போது எந்தக் கல்லூரியும் சேர்ப்பதில்லை. தானாக வரும் திறமைதான் வேண்டுமாம்.

நேர்காணல் அறையில் இருந்த அம்மையார் சிரித்த முகமாக வரவேற்றார். "நல்ல மார்க். பொண்ணு வீட்டுல எப்படிம்மா படிப்பா?"

"எங்க மேடம் படிக்கிறா? எந்நேரமும் தூக்கம்தான்."

சொல்லும்போதே மரகதத்துக்கு நாக்கு கூசியது. சொந்தச் சித்தி கல்யாணத்துக்குக்கூடப் புத்தகத்தோடு வந்த பெண் அவள்.

"வலது கையை நீட்டும்மா."

குழலி நீட்டினாள். அம்மையார் அவளுடைய நடுவிரலைத் தடவிப் பார்த்தார். பேனா அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன இடம். கால் தேய்க்கும் கல்லால் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை.

"அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

"ஆமா மேடம், ராப்பகலா படிச்சா!" மரகதம் கத்திவிட்டாள். "திருடினாளா? கஷ்டப்பட்டுப் படிச்சது ஒரு குத்தமா?"

"குத்தமில்லம்மா. கஷ்டப்படறதுக்குத்தான் மெஷின் இருக்கே."

வெளியே வந்ததும் மரகதத்தின் ஆத்திரம் மகள்மேல் திரும்பியது. "வாயாலேயே படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

குழலி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"எழுதி எழுதிப் படிச்சாதான் நிக்கும்னு நீதானேம்மா சொன்ன?"