வேராவின் குரல்

சாதாரணக் காவலராகச் சேர்ந்த ரட்கோ, முப்பது வருடத்தில் மக்கள் அரசின் காவல்துறைத் தலைவராகிவிட்டார். பதவியேற்ற அன்று காலை, வீடுகளை ஒட்டுக்கேட்கும் பிரிவைப் பார்வையிடப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் அவரைக் கண்டதும் வெலவெலத்துப்போய் எழுந்தாள். அவளுடைய ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். பாத்திரம் கழுவும் சத்தம். அதற்கு மேல் அவர் மனைவி வேராவின் குரல்: “என் வீட்டுக்காரர் மாதிரி கட்சிக்கு உண்மையா இருக்கறவர் வேற யாரு இருக்கா?”

ரட்கோ ஹெட்போனைக் கழற்றினார். தன் வீட்டையுமா?

“யார்கிட்ட பேசறா?”

“யாருமில்லை, தோழர். நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து கேக்கறேன். நீங்க கிளம்பினதும் தனியா இப்படித்தான் பேசுவாங்க.”

சாயங்காலம் வேரா சூப்பை ஊற்றிக்கொண்டே, “முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?” என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“சந்தோஷம்தான் வேரா,” என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. “கட்சி எனக்கு எல்லாம் குடுத்திருக்கு.”

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. பிறகு மேசைக்கடியில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.