மூன்று கிலோ குறைவாக

"இகத்தர்," என்று எடை மெஷின் பக்கத்தில் நின்ற சந்திரசேகர், மேஜையில் எழுதுகிறவருக்குக் கேட்கும்படி கத்தினார்.

எழுபத்தொன்று. நிக்கோபாரின் இந்தக் கேம்பல் பேயில் இந்தி தெரியாதவர் என்று யாருமில்லை.

ஷெர்லினுக்கு மெஷினோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போர்ட் பிளேர் ஹெலிகாப்டரில் ஆளையும் பெட்டியையும் நிறுத்துப் பார்க்காமல் ஏற்றமாட்டார்கள். தெரிந்தேதான் ஃபாரத்தில் பொய் எழுதினாள். பதினைந்து வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

போன வாரம் இரண்டு ஃபாரத்தையும் நிரப்பியது அவள்தான். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு அம்மா சிசிலியா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே ஐம்பத்தெட்டு என்றாள். ஷெர்லின் தனக்கு ஐம்பத்தைந்து போட்டுக்கொண்டாள். அம்மாவைவிட மூன்று கிலோ குறைவாகக் காகிதத்திலாவது இருந்து பார்க்கலாம் என்ற ஆசை.

பயணமே அவள் உடம்புக்காகத்தான். பிள்ளை ஊதிக்கொண்டே போகிறாள், தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அம்மா தெருவுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வரிசையில் பின்னால் நின்ற வகுப்புத்தோழி ரூபாவுக்கும் தெரியும். ரூபா சிரிக்கவில்லை. பாவமாகப் பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினாறு கிலோ அதிகம், யாராவது பெட்டியை இறக்க வேண்டியிருக்கும் என்று சந்திரசேகர் முணுமுணுத்தார். வரிசை முழுக்கத் தத்தம் பெட்டியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தது. ஷெர்லின் துப்பட்டாவை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்து அம்மா ஏறினாள். இந்தப் புழுக்கத்திலும் புடவைக்கு மேலே ஸ்வெட்டர்.

சந்திரசேகர் முள்ளைப் பார்த்தார். மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இந்த முறை கத்தவில்லை. மேஜைவரை நடந்துபோய்த் தானே எழுதினார்.

நாற்பத்திரண்டு.

இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டினால் ஃபாரத்தில் இருந்த நூற்றுப்பதிமூன்று அப்படியே வந்தது. யாருடைய பெட்டியும் இறங்கவில்லை. எல்லோரும் நிம்மதியானார்கள்.

ஷெர்லினைத் தவிர. அம்மாவின் ஜாக்கெட் தொளதொளத்துப் போவதை ஒரு வருஷமாகப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். எனக்குச் சொல்லாமல் நீ மட்டும் எப்படி இளைத்தாய் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அதை நினைத்தபோது வந்த வெட்கத்துக்கு முன்னால் எழுபத்தொன்று ஒன்றுமேயில்லை.

அம்மா தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்த டாக்டர் கடிதம் மேஜையில் விரிந்து கிடந்தது. நோயாளி, சிசிலியா. துணைக்கு வருபவர், ஷெர்லின்.

அம்மா அருகில் வந்து கையைப் பிடித்தாள். கை சுட்டது.

"ஒம் பேரச் சொல்லித்தான் மக்ளே கெளம்புனேன். ஆருட்டயும் சொல்லிராத."

ரூபா வரிசையை விட்டு வந்து, என்ன ஆச்சு, எதற்காக இந்தக் கடிதமெல்லாம் என்று கேட்டாள்.

தன் தைராய்டுதான், உடம்பு ரொம்பப் போட்டுவிட்டது, மெயின்லேண்டுக்கே போக வேண்டியிருக்கும்போல என்று ஷெர்லின் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.