இரு காலத்துச் சாம்பியன்கள்

"என் காலத்துல ஒவ்வொரு சுத்துலயும் ஒரு புலி காத்துக்கிட்டிருக்கும். இப்ப யாரு இருக்கா மாப்பிள்ளை? மைதானம் காத்தாடுது!" என்றார் மாமனார்.

"உங்க காலத்துப் புலிக்கெல்லாம் தொப்பை மாமா! இப்ப அடிக்கிற அடியில பந்து கண்ணுக்கே தெரியாது" என்றான் மருமகன்.

மாமனார் டென்னிஸ் கிளப்பின் முன்னாள் ஆண்கள் சாம்பியன். மருமகன் இந்நாள் சாம்பியன். பொன்விழாவில் 'எக்காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர்' கேடயம் ஒருவருக்குத்தான். முடிவு செய்ய அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த கிளப்பின் புதிய செயலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரோடவும் ஆடினவங்க யாராவது இருந்தா, அவங்களையே கேட்டுடலாமே?"

அதுவரை முட்டிக்கொண்டிருந்த இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அப்படி யாரும் இல்ல சார்!"

"ஏன், நான் இல்லையா?" அலுவலகத்திலிருந்து திரும்பிய மகள் வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் அப்பாவோட ஆடினேன். இப்ப இவரோட."

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க மேடம், யாரை ஜெயிக்கிறது கஷ்டம்?"

"அப்பா வளைச்சுப் போடுவார், இவர் வேகமா அடிப்பார். ஆனா கஷ்டம்னு..." அவள் சிரித்துவிட்டாள். ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்க தோத்ததே இல்லையா?"

"இல்ல சார். கிளப்புல ஆண்கள் போட்டி மட்டும்தானே, வெளியே தெரியாமப் போச்சு."

முதலில் கை தட்டியவன் கணவன்தான். "கேடயம் இவளுக்குத்தான் சார்!"

மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பேரைப் பெரிய எழுத்துல போடுங்க. ரெண்டு காலத்தையும் ஜெயிச்சவ, என் பொண்ணு!"