உயிலின் வலது ஓரம்

கையெழுத்து அப்பாவுடையதுதான், தாளும் பழுப்பேறியிருந்தது. ஆனாலும், கம்ப்யூட்டர் வராத காலத்தில் டைப் அடித்ததாகக் கணவன் சொன்ன அந்த உயிலில் எது உறுத்துகிறது என்று மகளுக்குப் பிடிபடவில்லை.

"இருக்கிற ஒரே வீட்டை ஒரு பிள்ளைக்கே எழுதிட்டு, இன்னொண்ணை நடுத்தெருவுல நிறுத்துவாரா எங்கப்பா? பித்தலாட்டம்!" என்று கொதித்தாள்.

"கத்தாதே, பக்கத்து ரூம்ல உன் தம்பி இருக்கான்," என்று பல்லைக் கடித்தான் கணவன். "வீடு உனக்குத்தானேடி வருது!"

"அதனாலதான் உங்க மேலயே சந்தேகம். அப்பா வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டு உங்ககிட்டதானே கொடுத்து வச்சிருந்தாரு?"

"எங்க, நிரூபி பார்ப்போம்!"

அவள் வரிகள் முடியும் இடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இங்க வாடா! டைப்ரைட்டர்ல இடைவெளியெல்லாம் ஒரே அகலம்; வரிங்க முன்னே பின்னேதான் முடியும். இதுல இடைவெளியை இழுத்து இழுத்து, எல்லா வரியும் ஒரே கோட்டுல முடியுது. இது கம்ப்யூட்டர்ல அடிச்சது."