மூன்று மாடிக் கிடா

கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் ஒன்றில் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று, யாரோ ஒருவர் கிடாக்குட்டி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினார். போதகர் அதன் தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்றிலிருந்து அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போட்டாச்சு, பாத்தீங்களா அண்ணாச்சி? நம்ம ஸ்கூல் வளருது!" என்று சாரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கையிடம் பீற்றிக்கொள்ளும். மாடி ஏற ஏற அதற்குப் புண்ணாக்கும் கூடியது. வேலிக்கு வெளியே மேயும் ஆடுகளை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"போன கட்டடத்துக்கும் இதே மரத்துல ஒரு கிடா நின்னுச்சு மக்கா. கயிறு இத்துப்போயிருக்கு, அத்துக்கிட்டு ஓடிரு" என்றது காக்கை.

"அது ஒத்த மாடி. இது மூணு மாடி. இதை விட்டுட்டுப் போக மனசு வருமா?"

புதுக் கட்டடத்தின் பிரதிஷ்டைக்கு முந்தின நாள் அசன விருந்துக்காக அண்டாக்களும் வாழையிலைக் கட்டுகளும் வந்து இறங்கின.

"பெருங்கூட்டம் வரும்போல! எனக்கு எடம் இருக்குமா அண்ணாச்சி?"

காக்கை இலைக்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு எலையிலயும் ஒனக்கு எடம் இருக்கு மக்கா."

கிடா பெருமையோடு கழுத்தை நீட்டி நிமிர்த்திக்கொண்டது.